பதுளைப் பிஞ்சுகள்

கொழும்பில் கால் வைத்த முதல் நாளே எனக்கு வசவு விழுந்தது. திட்டியவர் நிரோஷா என்கிற சிங்களப் பெண்மணி. கணினியில் பார்த்து ஆர்டர் கொடுத்தால் வீட்டு வாசலுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கும் கடையை நடத்துகிறவர். அந்தக் கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்தது நான் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் கம்பெனி. ஏதாவது கோளாறு என்றால் யாராவது ஒருவர் விமானம் ஏற வேண்டுமே! இந்த முறை என் தலை அகப்பட்டது.

"திறந்து பாருங்கள்" என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியை என் முன்னால் தள்ளினார். திறந்தேன். உள்ளே கேரட் இருந்தது. ஒவ்வொன்றும் சுண்டு விரல் அளவு. பக்கத்தில் பீன்ஸ், மோதிரமாய் வளைக்கலாம் போல அத்தனை பொடிசு. அங்கே கோவா என்று சொல்லும் முட்டைக்கோஸ், ஒரு கையில் இரண்டு அடங்கும்.

"வாடிக்கையாளர் படத்தில் பார்ப்பது முழங்கை அளவு கேரட். வீட்டுக்குப் போவது இது. லண்டனில் இருக்கிற பிள்ளை பணம் கட்டி, இங்கே வெள்ளவத்தையில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பச் சொல்கிறான். அந்த அம்மா எனக்கு போன் போட்டு, பொம்மைக் கடையா வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். எல்லாம் திரும்பி வருகிறது. வியாழக்கிழமைச் சரக்கும் இப்படியே வந்தால், நான் மொத்தச் சந்தையிலேயே வாங்கிக்கொள்கிறேன்."

காய் வருவது மலைநாட்டில் பதுளைப் பக்கம், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் குழுவிடமிருந்து. "நீங்கள் தமிழ்தானே, போய்ப் பேசிவிட்டு வாருங்கள்" என்றார். தமிழனாகப் பிறந்ததற்கு இப்படி ஒரு உத்தியோகம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

நான் ஒட்டன்சத்திரத்துக்காரன். கமிஷன் கடை வைத்திருந்த வீடு. காய் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற திமிர் கொஞ்சம் உண்டு. ரெண்டு சத்தம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்போடுதான் மறுநாள் ரயில் ஏறினேன். போர் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் கொழும்பில் திரும்பின பக்கமெல்லாம் சோதனைச் சாவடி. கோட்டை ரயில் நிலையத்தில் ஒரு சிப்பாய் என் பையைக் கவிழ்த்தான். வீட்டில் கட்டிக் கொடுத்த தீபாவளி முறுக்கு டப்பா வெளியே வந்தது. தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். ஒன்றை எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டி, டப்பாவைத் துணிக்குள் பத்திரமாக வைத்து அவனே ஜிப்பை மூடிக் கொடுத்தான். நான் கொண்டுபோயிருந்த பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

அந்த ரயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை ஊர் போய்ச் சேராது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இறால் பதித்த வடை விற்றுக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகள் பரீட்சை எழுதிய பழைய தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். என் வடையைச் சுற்றியிருந்த பிள்ளை கணக்கில் மோசம். வடை அபாரம்.

ஹாலிஎலைக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் நின்றது. மழையில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் எஞ்சின் முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டிருப்பார்கள். இங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக வரிசையாக நடக்க ஆரம்பித்தார்கள். என் பையின் ஒரு பக்கத்தைக் கேட்காமலேயே பிடித்துக்கொண்ட ஒரு பெரியவர் சிங்களத்தில் என்னவோ சொன்னார். பின்னால் வந்த பெண் அதைத் தமிழில் சொன்னாள்: "மலைக்கும் சளி புடிக்குமாம். ரெண்டு நாள்ல சொகமாயிருமாம்." நனைந்த சட்டையோடு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஹாலிஎலை நிலையத்தில் என்னை அழைத்துப்போகக் குடையோடு பரமநாதன் நின்றுகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். விவசாயத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துப் பதுளையிலேயே வேர் விட்டவர். பெண்கள் குழுவைத் தொடங்க வைத்தவர் அவர்தான்.

"வாங்கோ தம்பி. ரயில் வரேல்லை, நீங்கள் வந்திட்டியள்" என்றார்.

அன்றிரவு அவர் வீட்டில் இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, தேங்காய்ச் சம்பல். சொதியை நான் குடித்த வேகத்தைப் பார்த்து அவர் மனைவி சட்டியையே என் பக்கம் நகர்த்திவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் பரமநாதன் விஷயத்துக்கு வந்தார். "கோவிச்சுப் பேசிப் போடாதேங்கோ. சரோஜா எண்டொரு பிள்ளைதான் இதை இழுத்துக்கொண்டு போறது. முந்தி லொறிக்காரர் வந்து காய்த் தோட்டத்தை மொத்தமாப் பேசி எடுப்பார். அவரை வேண்டாமெண்டு சொல்லிப் போட்டு, இவளை நம்பித்தான் மற்றப் பெண்டுகளும் வந்தவையள். இவளோ, தேயிலைக் கொழுந்தெடுக்கிற வேலையையும் விட்டிட்டாள்."

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போனேன். சுனில் என்கிற ஹாலிஎலைக்காரரின் வேனில்தான் போனேன். காயைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறவரும் அவர்தான். ஹாரனுக்குப் பதிலாக ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வேனின் பக்கத்தைத் தட்டுகிற ஆசாமி. ஒவ்வொரு வளைவிலும் டப் டப் என்று ஒரு சத்தம். வளைவுகளோ முடிகிற வழியாக இல்லை. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவே மேகம், கீழே எங்கேயோ தண்ணீர் விழும் ஓசை. திட்டுவதற்காகத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக மறந்துபோயின.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் சரோஜா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். உயரமில்லை, ஆனால் அந்த இடத்தில் அவரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை.

"வாங்க சார், வாங்க. இந்தியாவுலருந்து கரட்டு அளக்க வந்திருக்கீங்களாமே! மொதல்ல தேத்தண்ணி குடிங்க."

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே எங்கள் திண்டுக்கல் பக்கத்துப் பேச்சு! கடல் தாண்டி, மலையேறி வந்தால் எங்கள் சந்தைப்பேட்டைப் பெண் மாதிரி ஒருவர் நிற்கிறார். உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டைக் கொடுத்து, வெறும் தேநீரை ஒரு கோப்பையில் நீட்டினார். ஒரு கடி, ஒரு வாய். நான் காப்பிக்காரன். இருந்தும் மூன்று கோப்பை குடித்தேன்.

"அக்கா, இந்தக் காயெல்லாம் ஏன் இத்தனை பொடிசா வருது?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"பொடிசா? நல்லதாப் பார்த்துல்ல அனுப்புறோம்!" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாயந்தரம் நீங்களே வந்து பாருங்க."

மாலையில் தேயிலைக் கொழுந்தை எடைக்கு நிறுத்துவிட்டுப் பெண்கள் நேராகக் காய்த் தோட்டத்துக்கு வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் படிப்படியாக வெட்டிய சின்னச் சின்னத் துண்டுகள். வந்தவர்கள் கூடையைக் கூட இறக்கவில்லை. கூடைக் கயிறு தலையில் இருக்க, பீன்ஸ் கொடிக்குள் இறங்கினார்கள். பீன்ஸை அங்கே போஞ்சி என்கிறார்கள். அடடா, அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும்! இரண்டு கையும் இரண்டு பக்கம் ஓடுகிறது. கண் அதற்கும் முன்னால் ஓடுகிறது. பறித்ததைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே வீசினால் கூடைக்குள் விழுகிறது. ஒட்டன்சத்திரத்தில் எத்தனையோ பேர் காய் பறிக்கப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தவன் திடுக்கிட்டேன். அவர்கள் பறித்தது பிஞ்சை மட்டும். நன்றாக விளைந்த, நம்மூர் வியாபாரி கண்ணில் ஒற்றிக்கொள்கிற காயை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் போனார்கள். கொடியை இழுத்துக் காட்டினேன்.

"அக்கா, இது?"

"அது முத்தல் தம்பி. மாட்டுக்குப் போடுவோம்." சாரிலிருந்து தம்பிக்கு எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை, ஆனால் இனித்தது.

"இதுதானே அக்கா காயி! இதை ஏன் விட்டீங்க?"

"கொழும்புலருந்து மொதத் தரம் வேணும்னு எழுதி அனுப்பியிருந்தாங்கல்ல? முத்தினதப் போட்டா கணக்கப்புள்ள நிறுவையில வெட்டிருவாருல்ல!"

"கணக்கப்பிள்ளை தேயிலை நிறுக்கத்தானே அக்கா? இங்கே ஏது?"

சரோஜாவின் கை நின்றது. பக்கத்துப் பெண்களின் கைகளும் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் அந்தச் சரிவு முழுக்கச் சிரிப்பு. பிறந்ததிலிருந்து தேயிலையில் இளங்கொழுந்தைக் கிள்ளியே பழகிய கைகள். முதல் தரம் கேட்டால் அந்தக் கைகளுக்குத் தெரிந்த முதல் தரம் அது ஒன்றுதான். போஞ்சியிலும் கொழுந்து, கேரட்டிலும் கொழுந்து, கோவாவிலும் கொழுந்து! லாரிக்காரர் காலத்தில் அவர் ஆட்களே வந்து பறித்துக்கொண்டு போனதால் இவர்கள் பறித்து விற்றதே கிடையாது.

சிரிப்பு அடங்கியதும் சரோஜாவின் முகம் வாடிவிட்டது. வாரக்கணக்கில் பிஞ்சாகவே பிடுங்கியதில் தோட்டத்தில் பெரிய காயே தேறவில்லை. கேரட் பாத்திகளில் பாதி வெறும் மண். ஒதுக்கிய முத்தல் போஞ்சி ஒரு பெட்டிக்குக் காணாது. வியாழக்கிழமைக்கு எதை அனுப்புவது? வியாழன் என்பது நாளை.

"வெள்ளிக்கிழம காலையில பெரட்டுக்கு வந்தா மறுபடியும் எம் பேரப் போட்டுக்குறேன்னு கணக்கப்புள்ள சொல்லியிருக்காரு" என்றார் மெல்ல. தினமும் காலையில் எல்லாரையும் நிறுத்திப் பேர் பதிந்து வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். "நல்ல மனுசன். அதுக்கு மேல அவரால பொறுக்க ஏலாது, வேற ஆள் எடுக்கணும். நான் மட்டும்னா பரவால்ல தம்பி. இவளுக எல்லாம் என் மூஞ்சியப் பார்த்துத்தானே லாரிக்காரர விட்டாளுக. இனி அவரு வந்தாலும் கேட்ட வெலையா தருவாரு?"

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். லயத்து அறையில் அடுப்புக்கு முன்னால் பலகை போட்டார். கோதுமை ரொட்டி, இடித்த மிளகாய்ச் சம்பல். அதோடு பறித்த பிஞ்சுகளை நறுக்காமல் முழுசு முழுசாக வதக்கி வைத்தார். அதில் லீக்ஸும் உண்டு, வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன். கொழும்பு ஹோட்டலில் நார் நாராக மென்றிருக்கிறேன். இது வாயில் வைத்ததும் கரைந்தது. கேரட்டைக் கடித்தால் இனிப்பு. கவலையில் சாப்பாடு இறங்காது என்பார்கள். எனக்கு வெட்கமில்லாமல் இறங்கியது.

வியாழன் விடிந்ததும் பரமநாதன் யோசனைப்படி வெலிமடைச் சந்தைக்குப் போனோம். அங்கே பெரிய காயாக வாங்கி, பெட்டியை நிரப்பி அனுப்பிவிடுவது. சரோஜாவும் வேனில் வந்தார். வழியெல்லாம் சுனிலின் டப் டப் மட்டும்.

வெலிமடைச் சந்தை என்னை மயக்கிவிட்டது. உருளைக்கிழங்கு மூட்டைகள் மதில் மாதிரி அடுக்கியிருக்க, லீக்ஸ் கட்டுகள் பச்சைப் பசேலென்று ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. மழைத் தூறலில் கேரட் குவியல் மின்னுகிறது. மூட்டை தூக்குகிறவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கேலி பேசிக்கொள்கிறார்கள். ஒட்டன்சத்திரம் போலவே இரைச்சல், ஆனால் சண்டை இல்லை. நான் பழக்க தோஷத்தில் ஒரு கேரட்டை ஒடித்துப் பார்த்தேன். படத்தில் இருக்கிற அதே முழங்கைக் கேரட். நடுத்தண்டு கட்டையாக இருந்தது.

"வாங்கிருவோம் தம்பி" என்றார் சரோஜா. "இதத்தானே அவுங்க கேட்டாங்க? சீக்கிரம் வாங்கிப் போட்டுருவோம்."

நான் சந்தை வாசலைப் பார்த்தேன். வரிசையாக லாரிகள். எல்லாம் கொழும்புக்குப் போகிறவை. இங்கே வாங்கி, ஹாலிஎலைக்குக் கொண்டுபோய், பெட்டி மாற்றி, திரும்பக் கொழும்புக்கே அனுப்ப நாங்கள் எதற்கு? இந்த லாரியிலிருந்து நிரோஷாவே இறக்கிக்கொள்வாரே! இன்றைக்குத் தப்பித்தாலும் அடுத்த வாரம் எங்களுக்கு இந்தச் சங்கிலியில் இடமே கிடையாது. எங்களிடம் இருக்கிற, இந்தச் சந்தையில் எங்கே தேடினாலும் கிடைக்காத சரக்கு ஒன்றே ஒன்றுதான். நேற்று ராத்திரி நான் வெட்கமில்லாமல் தின்றது.

"வேண்டாம்க்கா. காயை மாத்த வேண்டாம். படத்தை மாத்துவோம்."

சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, வெளையாடாதீங்க. உங்களுக்கு இது போனா இன்னொரு வேலை. எனக்கு நாளைக்குப் பேரு போடணும்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. நான் விமானம் ஏறிப் போய்விடுவேன். ஆனாலும் விடவில்லை, லாரிகளைக் காட்டிக் காட்டிப் பேசினேன். சரோஜா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "சரி, வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றார். அந்தச் 'சரி'யில் சம்மதத்தைவிடச் சலிப்புதான் அதிகம்.

தோட்டத்தில் என் கேமராவில் படம் எடுத்தேன். சரோஜாவின் உள்ளங்கையில் பிஞ்சுக் கேரட். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றவரைக் கழுவ விடவில்லை. கை தெரிந்தால்தான் கேரட்டின் அளவு தெரியும். யாரும் ஏமாந்தோம் என்று சொல்ல முடியாது. பதுளை டவுனில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து படங்களை நிரோஷாவுக்கு அனுப்பினேன். ஒரு படம் போவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். நடுவில் மின்சாரம் போனது. கத்தினேன். யாரும் பதிலுக்குக் கத்தாமல் எனக்கு அங்கே பனிஸ் என்கிற பன் ஒன்றைக் கொடுத்தார்கள். மின்சாரம் வந்ததும் படமும் போய்ச் சேர்ந்தது.

நிரோஷாவுக்கு போன் போட்டு, இன்றைக்கும் பிஞ்சுதான் என்றேன். "வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறார்!" என்று பொரிந்தார்.

"அதனால்தான் சொல்கிறேன், படத்தை மாற்றுங்கள். நறுக்க வேண்டாம், அப்படியே சமைக்கலாம் என்று போடுங்கள். இன்னொன்று. ஆர்டர் வாங்குவதை ராத்திரி மூடுகிறீர்கள். அதற்கு முன்பே இவர்கள் குத்துமதிப்பாகப் பறித்துவிடுகிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மூடி, காயின் பெயரையும் எடையையும் சரோஜாவின் போனுக்கு அனுப்புங்கள். பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கேட்டதை மட்டும் பறிப்பார்கள். இருட்டுவதற்குள் வேன் கிளம்பும். பறித்த மறுநாள் காலை உங்கள் கையில்."

யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை இது. தேயிலை ஆலை தினமும் செய்வதுதான். பறித்த கொழுந்தை அமுக்காமல், சூடேறாமல், அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற அந்த ஒழுங்கைக் காய்க்கும் பூட்டினேன், அவ்வளவுதான்.

"ஒரு நாள்தான்" என்று போனை வைத்தார் நிரோஷா.

அன்று ஆர்டர் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் பக்கத்து மேட்டில்தான் சிக்னல். அங்கே நின்று சரோஜா எழுத்துக் கூட்டிப் படித்தார். பெண்கள் பறித்தார்கள். மூட்டை கட்டாமல் காற்றோட்டமாகப் பெட்டியில் வைத்தார்கள். சுனில் வேனைத் தட்டிக்கொண்டே மலையிறங்கிப் போனார். வாடிக்கையாளருக்குப் பிடித்ததா, திரும்பி வருகிறதா என்பது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தெரியும். பெரட்டு வெள்ளிக்கிழமை காலையில்.

விடிகிற நேரத்தில் சொல்லிக்கொண்டு கிளம்பலாமென்று பரமநாதனோடு தோட்டத்துக்குப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. பெரட்டுக் களத்தில் கூடையோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் சரோஜா வந்துகொண்டிருந்தார். பேர் போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மேல் தப்பில்லை. வயிற்றுப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பேச்சை எப்படி நம்புவார்?

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "வா சரோஜா. பேரப் போட்டுரவா?"

அப்போதுதான் கவனித்தேன். சரோஜாவின் தலையில் கூடை இல்லை.

"பேரு போட வரலிங்க" என்றார் சரோஜா. வரிசைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஏன்டி, கேட்டுக்குங்க. ரெண்டு மணிக்கு ஆர்டர் வந்துரும். கொழுந்து நிறுத்ததும் எவளும் லயத்துப் பக்கம் போகக் கூடாது, நேரா பாத்திக்கு வந்துரணும். இதச் சொல்லத்தான் வந்தேன். வரேங்க."

கணக்கப்பிள்ளை எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். பரமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனியாம்.

ரயில் மலையிறங்கும்போது நிரோஷா அழைத்தார். ஒரு பெட்டி கூடத் திரும்பி வரவில்லை. வெள்ளவத்தை அம்மா, இன்னும் வேண்டும் என்று கேட்டாராம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே சரோஜாவுக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. அடுத்த நிலையத்தில் போட்டேன். கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய சேதியை மடியில் கட்டிக்கொண்டு வடைக்காரனிடம் கூடக் கோபித்துக்கொண்டேன். ஹட்டன் நிலையம் தாண்டியபோது ஒருவழியாக மணி அடித்தது.

"அக்கா, நான்தான்! ஒரு பெட்டி கூட..."

"தம்பி, அப்புறம் பேசுறேன். ஆர்டர் வந்திருச்சு, இவளுக நிறுத்துட்டு வந்துட்டாளுக" என்று சொல்லி போனை வைத்துவிட்டார் சரோஜா.